அல்லி என்றது சாலை

புதன்கிழமை காலை பதினொன்று நாற்பதுக்குச் சாலை பேசியது. பேசியது பொற்கொடியின் கணவன் குரலில். சொன்னது இன்னொரு பெண்ணின் பெயர்.

பொற்கொடி ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். தண்ணீர் குடித்தாள். மறுபடி மாட்டிக்கொண்டாள். சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஒன்பது வருடமாகத் தினமும் காலையில் 'காபி ஆறுது' என்று அவளை எழுப்புகிற குரல். கொஞ்சம் கரகரப்பாக, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. ஆனால் சுகவனம்தான்.

"அல்லி... அல்லி... அல்லி..."

மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி அல்லி. நான்காவது கிலோமீட்டர் கல்லில் தொடங்கி ஆறாவது கல் வரை முப்பத்தெட்டு தடவை. எண்ணினாள். எண்ணுவதுதான் அவள் தொழில்.

வருடம் 2043. பெட்ரோல் வண்டிகள் ஒழிந்து, தெருவில் எஞ்சின் சத்தம் என்று ஒன்று இல்லாமல் போன பிறகுதான் ஜனங்களுக்கு இன்னொரு சத்தம் காதில் விழுந்தது. டயர். பேட்டரி வண்டி ஓசைப்படாமல்தான் ஓடுகிறது. அதன் நாலு டயரும் சும்மா இருப்பதில்லை. சிமெண்ட் சாலையில் ஊளையிடும். ஜல்லி பெயர்ந்த தார்ச்சாலையில் பொரி வறுக்கும். மழையில் நனைந்த சாலையில் புடவை கிழிக்கும். பொற்கொடி ஓர் ஆய்வகத்தில் டயர் இரைச்சல் பொறியாளர். எந்தச் சாலையில் எந்த டயர் எவ்வளவு கத்துகிறது என்று அளந்து சொல்வாள். வண்டியின் பின்சக்கரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி மைக்கைக் கட்டி, எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டவேண்டும். சிமெண்ட் சாலைக்கு நூற்று இரண்டு டெசிபல். நல்ல தார்ச்சாலைக்குத் தொண்ணூற்றேழு.

'மௌனி'க்கு எண்பத்தெட்டு.

மௌனி என்பது ஒரு கம்பெனி கண்டுபிடித்த புதுச் சாலைக் கலவை. தாரும் ஏதோ ஒரு புது ரப்பரும். தேன்கூடு மாதிரி உள்ளே ஓட்டை ஓட்டையாக இருக்கும். டயர் எழுப்புகிற சத்தத்தை அப்படியே விழுங்கிவிடும். திருச்சிக்கு வெளியே ஏழு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒற்றைத் தடமாகப் போட்டு, இரண்டு முனையிலும் கேட் வைத்து, இருபது தன்னார்வலர்களின் கார்களை மட்டும் காலையில் வரிசையாக அனுப்பினார்கள். கடைசிக் கார் சுகவனத்துடையது. அவன் தன்னார்வலன் ஆனதே பொற்கொடி கேட்டதால்தான். எதைக் கேட்டாலும் 'சரி' என்பான். கல்யாணத்துக்குக் கேட்டபோதே அப்படித்தான் சொன்னான்.

பதினொரு மணிக்கு கேட்டை மூடிவிட்டு அளக்கும் வேன் கிளம்பும். ஓட்டுவது இருதயராஜ், ஐம்பத்திரண்டு வயது. வண்டியின் எடை மாறக்கூடாது என்பதால் அவர் மட்டும். மேற்கு முனையிலிருந்து கிழக்கே போவார். அதே தடத்தில் திரும்பி வருவார். மேற்கு முனையில் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து பொற்கொடி பதிவுகளைப் பிரித்துப் பார்ப்பாள்.

அப்படிப் பார்த்தபோதுதான் நான்காவது கல்லிலிருந்து இரைச்சல் கோடு சீராகப் போகாமல் எழும்பி எழும்பி இறங்கியது. என்னவென்று காது கொடுத்தாள். கேட்டுவிட்டாள்.

இருதயராஜைக் கூப்பிட்டு, யார் குரல் என்று சொல்லாமல் ஹெட்போனை மாட்டிவிட்டாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"பேயா மேடம்?"

"ரோடு. கிராமபோன் தட்டு பாத்திருக்கீங்களா?"

"எங்க பங்குச் சாமியார் பங்களாவுல ஒண்ணு இருக்கு. ஓடாது."

"இது ஓடுது. ரோடுதான் தட்டு. நம்ம டயர்தான் முள்ளு. இந்த ரப்பர் சத்தத்தை முழுங்குதே தவிர ஜீரணம் பண்ணல. அப்படியே வெச்சிருக்கு. ஒரு எடத்துல கடைசியா யார் கத்தினாங்களோ, அது அடுத்த ஆள் வந்து கத்தற வரைக்கும் இருக்கு."

"வண்டிக்குள்ள பேசினது எப்படி மேடம் ரோட்டுக்கு இறங்கும்?"

"அடித்தொண்டையில கத்தினா வண்டி உடம்பே அதிரும். அது டயர் வழியா இறங்கிடும். ரோடு அதைத் திருப்பிச் சொல்றது வண்டிக்குள்ள இருக்கறவங்களுக்குக் கேக்காது. டயர்கிட்ட மைக் வெச்சவங்களுக்குக் கேக்கும்."

இருதயராஜ் யோசித்தார். "அப்ப யாரோ ஒரு ஆளு, தனியா வண்டியில போறப்போ அந்தப் பொண்ணு பேரை அடித்தொண்டையில கத்திக்கிட்டுப் போறான். பாவம், என்ன பிரியமோ."

பொற்கொடி ஹெட்போனை வாங்கித் தன் காதில் மாட்டிக்கொண்டாள்.

அவள் அவசரக்காரி இல்லை. பொறியாளர். இந்த மாதிரித் தட்டுக்கு ஒரு திசை உண்டு என்பது அவளுக்குத் தெரியும். சுகவனம் மேற்கிலிருந்து கிழக்கே போகிறவன். வேனும் கிழக்கே போகும்போது கேட்பது நேரான பேச்சு. திரும்பி வரும்போது கேட்பது தலைகீழ்ப் பேச்சு. அதனால் திரும்பி வரும் பதிவைக் கணினியே புரட்டிப் போட்டு நேராக்கிவிடும். வேனில் திசை காட்டும் கருவி மூன்று வாரமாகப் பழுது. மாற்றுக் கருவி வரும்வரை இரண்டு பொத்தான் வைத்திருந்தாள். கிழக்கே கிளம்பும்போது 'போ'. மேற்கே திரும்பும்போது 'வா'. இருதயராஜ் அமுக்குவார்.

'போ' பதிவை எடுத்தாள். அல்லி. 'வா' பதிவைக் கணினி புரட்டிக் கொடுத்ததை எடுத்தாள். அல்லி. திங்கட்கிழமைப் பதிவு, செவ்வாய்க்கிழமைப் பதிவு. அல்லி, அல்லி. விஞ்ஞானம் அவளைக் கைவிடவில்லை. அதுதான் துக்கம்.

அன்று மாலை சுகவனம் மல்லிகைப்பூ வாங்கி வந்தான். போன மாதமும் வாங்கி வந்தான்தான். ஆனால் போன மாதம் அது வெறும் மல்லிகைப்பூ.

உங்கள் ஆபீசில் அல்லி என்று யாராவது இருக்கிறார்களா என்று தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே விசாரித்தாள். அவன் விழித்தான். பூவா என்று கேட்டான். பெண் என்றாள். ஆபீசில் உள்ள பதினாறு பெண்களின் பெயர்களையும் வரிசையாக யோசித்துச் சொல்லிவிட்டு, இல்லை என்று சொல்லாமல், "தெரியலையே, கேட்டுச் சொல்லட்டுமா?" என்றான். இவ்வளவு அப்பாவியாக நடிக்க ஒருவனால் முடியும் என்றால் இது நாள்பட்ட விவகாரம்தான் என்று பொற்கொடி முடிவு செய்தாள்.

இரண்டு மாதத்தில் புனே. அங்கே ஆய்வகத்தின் தலைமைப் பொறுப்பு அவளுக்குக் காத்திருந்தது. மௌனி அறிக்கைதான் திருச்சியில் அவளுடைய கடைசி வேலை. சுகவனமும் வேலையை விட்டுவிட்டு வருவதாகச் சரி சொல்லியிருந்தான். இனி அவன் வருவானா, அல்லி விடுவாளா?

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, மௌனி கம்பெனியின் ஜெயசிம்மன் ஒரு பெட்டி பாதுஷாவோடு கொட்டகைக்கு வந்தார். வேனின் பதிவுகள் ஆய்வகத்துக்கும் கம்பெனிக்கும் ஒரே நேரத்தில் போகும் என்பதைப் பொற்கொடி மறந்திருந்தாள்.

ஜெயசிம்மனுக்கு வாய் கொள்ளாத சந்தோஷம். சத்தமில்லாத சாலை என்றுதான் விற்க நினைத்தாராம். இப்போது காது உள்ள சாலை. யார் யாருக்கெல்லாம் விற்கலாம் என்று ராத்திரி பூராவும் யோசித்து வைத்திருந்தார். இன்சூரன்ஸ்காரர்களுக்கு ஓட்டுநர் கொட்டாவி விட்டாரா என்று தெரியும். போலீசுக்குச் சொல்லவே வேண்டாம். கல்யாணத் தகவல் மையங்களுக்கு மாப்பிள்ளை தனியாக இருக்கும்போது எப்படிப் பேசுகிறார் என்று கேட்டுச் சொல்லலாம்.

"மேடம், மனுஷன் ஊர் முன்னாடி ஒண்ணு பேசுவான், வீட்டுல ஒண்ணு பேசுவான். வண்டியில தனியா போறப்பதான் நெசம் பேசுவான். அந்த நெசம் இனிமே நம்மகிட்ட."

வெள்ளிக்கிழமை நண்பகல் கம்பெனி அரங்குக்கு அதிகாரிகள் வருகிறார்கள். சாலைத் துறையிலிருந்து ஒரு தலைமைப் பொறியாளர், போலீசிலிருந்து ஒரு உயர் அதிகாரி. அவர்கள் முன்னால் அந்த 'அல்லி' பதிவைப் போட்டுக் காட்டப் போகிறார். யார் குரல் என்று தனக்கே தெரியாது, அதுதான் அழகு என்றார். அங்கேயே, அப்போதே, இருபது தன்னார்வலர்களின் குரலோடும் கணினி ஒப்பிட்டுப் பார்க்கும். ஆளின் படம் திரையில் வந்து நிற்கும். பொற்கொடி செய்யவேண்டியது ஒன்றே ஒன்று. பதிவு உண்மையானது என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும்.

"அந்த ஆளோட வீட்டுல பிரச்சினை வராதா?" என்று கேட்டாள்.

"தப்பு பண்ணலைன்னா எதுக்கு மேடம் பயம்?" என்று சொல்லிவிட்டு, ஜெயசிம்மன் பாதுஷாவை நீட்டினார்.

போகிற போக்கில் தன்னார்வலர்கள் எல்லோருக்கும் சாலைக்குக் காது உண்டு என்ற விஷயத்தைச் சொல்லி, நன்றி தெரிவித்து, கூட்டத்துக்கும் அழைத்து ஒரு செய்தி அனுப்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை இருபது கார்களும் வரிசையாகப் போயின. கேட்டருகே நின்றுகொண்டிருந்த இருதயராஜ் வாடிய முகத்தோடு கொட்டகைக்கு வந்தார்.

"இன்னைக்கு யாரும் பாடல மேடம்."

"யார் பாடுவாங்க?"

"பேங்க்ல வேலை பாக்குற அந்தம்மா தெனம் தாளம் போட்டுப் பாடிக்கிட்டே போகும். ஆறாவது வண்டி. அதுக்கு அடுத்தவரு, மேலதிகாரியைக் கண்டபடி திட்டிக்கிட்டே போவாரு; திட்டி முடிச்சா மொகம் தெளிஞ்சிடும். இன்னைக்கு எல்லாரும் வாயை இறுக மூடிக்கிட்டு, துக்க வீட்டுக்குப் போற மாதிரி போறாங்க. பாக்கவே நல்லால்ல."

"கடைசி வண்டி?"

"உங்க சாரா? அவரும்தான். கடிவாளம் போட்ட மாதிரி நேராப் பாத்துக்கிட்டுப் போனாரு."

குற்றவாளி உஷாராகிவிட்டான் என்று பொற்கொடி மனதுக்குள் எழுதிக்கொண்டாள்.

பதினொரு மணிக்கு வேன் கிளம்பவேண்டும். மைக் கம்பி ஒன்று தளர்ந்துபோய் விட்டு விட்டு வந்தது. ஓடும்போது ஒருவர் கையால் பிடித்துக்கொண்டால்தான் பிழை எங்கே என்று தெரியும். எடை விதியை ஒருநாள் மறந்து பொற்கொடியே வேனில் ஏறிக்கொண்டாள்.

இருதயராஜ் பெல்ட்டைப் போட்டார். கண்ணாடியைச் சரி செய்தார். கண்ணை மூடி ஒரு வினாடி ஜெபம் செய்தார். பிறகு கையை நீட்டி, கிழக்கே கிளம்புகிற வேனில், 'வா' பொத்தானை அமுக்கினார்.

பொற்கொடி கம்பியை விட்டுவிட்டாள்.

"அண்ணே, எதை அமுக்கினீங்க?"

"வா."

"நாம போறோம்."

"போறோம்னு சொல்லாதீங்க மேடம், கெளம்புற நேரத்துல." அவருக்கு நிஜமாகவே மனம் கஷ்டப்பட்டது. "போயிட்டு வர்றோம்னு சொல்லுங்க. எங்க வீட்டுல செத்தாலும் போறேன்னு யாரும் சொல்ல மாட்டோம். எண்பதுல போற வண்டியில ஏறி உக்காந்துக்கிட்டு, போ-ன்னு அமுக்கறதா? எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்கு."

"அப்ப திரும்பும்போது?"

"அப்ப போ-வை அமுக்குவேன். வீடு திரும்பறப்போ போ-ன்னா ஒண்ணும் ஆகாதுல்ல? ரெண்டும் ஒவ்வொரு தடவை அமுக்கணும்னுதானே சொன்னீங்க. கணக்கு சரியாத்தானே வருது."

மூன்று வாரமாக. ஒவ்வொரு நாளும். டெசிபலுக்குத் திசை கிடையாது, எண்பத்தெட்டு எந்தப் பக்கம் ஓட்டினாலும் எண்பத்தெட்டுதான். அதனால் யாருக்கும் தெரியவில்லை. ஆனால் நேரான பதிவைக் கணினி புரட்டிப் போட்டிருக்கிறது. தலைகீழ்ப் பதிவை நேரானது என்று நம்பியிருக்கிறது.

"அப்ப அல்லியைத் திருப்பிப் போடணும்," என்றாள் தனக்குள்.

இருதயராஜ் ஸ்டியரிங்கில் விரலால் எழுதிப் பார்த்தார். "அ, ல், லி. திருப்பினா லி, ல், அ. லில்ல... யாரு மேடம் இது, லில்லியா? ரெண்டு பொண்ணுங்களா?"

"எழுத்தைத் திருப்பக் கூடாதுண்ணே. சத்தத்தைத் திருப்பணும். லி-ங்கறதுல முதல்ல ல், அப்புறம் இ. திருப்பினா இ முன்னாடி வந்துரும்." உதட்டை அசைத்து மெதுவாகப் பின்னாலிருந்து சொல்லிப் பார்த்தாள். இ. ல். ல். அ.

இல்ல.

இல்ல, இல்ல, இல்ல. முப்பத்தெட்டு தடவை.

பொற்கொடி சிரிக்க ஆரம்பித்தாள். இருதயராஜ் வண்டியை ஓரம் கட்டுகிற அளவுக்குச் சிரித்தாள். பிறகு வேனைத் திருப்பச் சொல்லி, கொட்டகைக்கு ஓடி, புதன்கிழமைப் பதிவைச் சரியான திசையில் போட்டுக் கணினிக்குக் கொடுத்தாள். பேச்சைப் பொறுக்கியெடுக்கும் மென்பொருள் நேரான பேச்சைத்தான் புரிந்துகொள்ளும். மூன்று நாள் பதிவையும் தலைகீழாகக் கொடுத்ததில், கத்திய ஒரு சொல்லை மட்டும் தப்பும் தவறுமாகக் காட்டிவிட்டு, மெதுவாகப் பேசியதை எல்லாம் குப்பை என்று தள்ளியிருந்தது. இப்போது 'இல்ல'வுக்குப் பின்னால் இருந்ததையும் துடைத்து எடுத்துக் கொடுத்தது.

அவள் அதைக் கேட்டாள். சிரிப்பு நின்றது. மணி பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம்.

கூட்டத்தில் அறுபது பேர் இருந்தார்கள். அவள் நுழையும்போது அரங்கு முழுக்க 'அல்லி... அல்லி...' என்று ஒலித்துக்கொண்டிருந்தது. முன்வரிசையில் போலீஸ் அதிகாரி ரசித்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். பின்னால் யாரோ, மாட்டினான் என்றார்கள். சிரிப்பு. திரையில் இருபது முகங்கள் ஓடி, ஒன்றொன்றாக மறைந்து, கடைசியில் ஒரு முகம் நின்றது.

மூன்றாவது வரிசையில் அந்த முகத்துக்குச் சொந்தக்காரன் உட்கார்ந்திருந்தான். கூப்பிட்டால் வராமல் இருக்க அவனுக்குத் தெரியாது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சுகவனம் எழுந்து நின்றான். காது சிவந்திருந்தது.

"நான் பேசினதுதான்," என்றான். "ஆனா அல்லின்னா யாருன்னு..."

"அப்படித்தான் தம்பி ஆரம்பிப்பாங்க," என்றார் போலீஸ் அதிகாரி, வாஞ்சையாக.

பொற்கொடி மேடைக்குப் போய் மைக்கை வாங்கினாள். குரல் தன் கணவனுடையது என்றாள். இந்தப் பதிவு தலைகீழ் என்றாள். சரியான திசையில் ஒரு தடவை போட்டாள். 'இல்ல... இல்ல... இல்ல...' மறுபடி திருப்பிப் போட்டாள். 'அல்லி... அல்லி...'

ஜெயசிம்மன் விடவில்லை. எது நேர், எது தலைகீழ் என்பதற்கு இயந்திரக் குறிப்பு இருக்கிறதே, அதில் 'போ' என்றுதானே இருக்கிறது என்றார். கணவனைக் காப்பாற்றப் பார்க்கிறாள் என்று அவர் சொல்லவில்லை. அறுபது பேரும் நினைத்துக்கொண்டார்கள்.

இருதயராஜை மேடைக்குக் கூப்பிட்டாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு நடந்ததைச் சொன்னார். அப்புறம் முன்வரிசையைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஐயா, தப்பா நெனச்சுக்காதீங்க. காலையில வீட்டை விட்டு இறங்கறப்போ அம்மாகிட்ட என்ன சொல்லிட்டு வந்தீங்க?"

போலீஸ் அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "போயிட்டு வர்றேன்னு," என்றார்.

"அந்த பட்டனை நீங்க அமுக்குவீங்களா?"

அதிகாரி கொஞ்சம் யோசித்தார். "மாட்டேன்," என்றார்.

தலைமைப் பொறியாளர் அம்மாள் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். தானும் மாட்டேன் என்றார். அரங்கில் ஒருவர்கூட அமுக்கியிருக்க மாட்டார்கள்.

பிறகு அந்த அம்மாளே சுகவனத்தைப் பார்த்து, எதற்காக இத்தனை தடவை இல்லை இல்லை என்று கத்தினான் என்று விசாரித்தார். அவன் கழுத்தைத் தடவிக்கொண்டான்.

"எனக்கு யார்கிட்டயும் இல்லைன்னு சொல்ல வராதுங்க. சின்ன வயசுலேருந்தே. ஒரு டாக்டர்கிட்ட போனேன். தனியா இருக்கும்போது சத்தமா சொல்லிப் பழகுங்கன்னார். வீட்டுல கத்த முடியாது. கார்தான் தனி எடம். அதான்."

இந்தத் தடவை சிரித்தவர்கள் வேறு மாதிரிச் சிரித்தார்கள். பாட்டுப் பாடும் பேங்க் அம்மாள் கைதட்டினார்.

ஜெயசிம்மன் கடைசியாக ஒரு முயற்சி செய்தார். "பதிவுல 'இல்ல'வுக்குப் பின்னாடி இன்னும் ஏதோ இருக்கே மேடம். அதையும் போடலாமே."

"அது வெறும் இரைச்சல்," என்றாள் பொற்கொடி. இரைச்சல் எது என்று சொல்ல அந்த அரங்கில் அவளைவிடத் தகுதியானவர் யாரும் இல்லை. ஜெயசிம்மன் அடங்கினார்.

சாலை நல்லதா கெட்டதா, ஒரே வார்த்தையில் சொல்லம்மா என்றார் தலைமைப் பொறியாளர். ஒரே வார்த்தையில் முடியாது என்றாள். தான் அளந்த சாலைகளிலேயே இதுதான் அமைதியானது. ஆனால் இதில் போகிறவர்களும் அமைதியாகிவிட்டார்கள், இன்று காலை ஒருவரும் பாடவில்லை, திட்டவில்லை. மேலே ஓர் அடுக்கு பொடி ஜல்லி தூவினால் டயர் முரண்டு பிடிக்கும். சாலைக்கு எதுவும் ஞாபகம் நிற்காது.

"இரைச்சல் மூணு டெசிபல் கூடும் மேடம். அந்த மூணு டெசிபல் நமக்கு வேணும்," என்றாள் பொற்கொடி.

அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஜெயசிம்மன் பத்து நிமிடம் சோர்ந்து உட்கார்ந்திருந்தார். பிறகு ரகசியம் காக்கும் சாலை என்று பெயர் வைத்தால் எப்படி இருக்கும் என்று போலீஸ் அதிகாரியிடமே கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று மணிக்கு ஆய்வகத் தலைமையிலிருந்து அழைப்பு வந்தது. அறிக்கை பிரமாதம், புனே நாற்காலி உனக்குத்தான், அடுத்த மாதமே வர முடியுமா?

மாலை ஆறு மணி. சுகவனம் டீ போட்டு எடுத்து வந்தான். அல்லியைப் பற்றி இரண்டு பேரும் சிரித்து முடித்திருந்தார்கள். பொற்கொடி டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள்.

"புனேலேருந்து கூப்பிட்டாங்க. அடுத்த மாசமே வரச் சொல்றாங்க. போலாமா?"

"சரி," என்றான் சுகவனம்.

"சுகா."

"சரின்னுதானே சொல்றேன், கொடி."

"'இல்ல'வுக்குப் பின்னாடி இருந்ததை நான் கேட்டேன்."

அவன் கை டம்ளரிலேயே நின்றது.

"'இல்ல கொடி, எனக்குப் புனே வேணாம்'. முப்பத்தெட்டு தடவையும் அதேதான். ரோட்டுகிட்ட சொன்னதை எங்கிட்ட சொல்லு. நான் இங்கதான் உக்காந்திருக்கேன்."

சுகவனம் அவளைப் பார்த்தான். வாசலைப் பார்த்தான். தொண்டையைச் செருமினான். ஒரு 'ச' உதடு வரை வந்து, திரும்பிப் போனது.

"இல்ல," என்றான்.

சொல்லிவிட்டு, ஏதாவது உடையுமோ என்று காத்திருந்தான். எதுவும் உடையவில்லை.

"இல்ல," என்றான் மறுபடி, கொஞ்சம் பலமாக. "எனக்கு இந்த ஊர் பிடிச்சிருக்கு. என் வேலை பிடிச்சிருக்கு. அங்க வந்து நான் என்ன பண்றது?"

"இதை ரெண்டு மாசம் முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? எனக்கு அந்த வேலை வேணும், சுகா. எட்டு வருஷம் அதுக்காக டயர் டயரா மண்டி போட்டிருக்கேன்."

"தெரியும். அதான் சொல்லல."

"சொல்லாம இருந்தா சரியாப் போயிடுமா?"

"அப்புறம்," என்றான் சுகவனம். முகம் பளிச்சென்று ஆகியிருந்தது. நிறுத்த முடியாமல் வந்தது. "வெள்ளிக்கிழமை வெந்தயக் குழம்பு. அதுவும் இல்ல."

பொற்கொடி அவனையே பார்த்தாள். "ஒன்பது வருஷமாவா?"

"ஒன்பது வருஷமா."

"பாவி, உனக்குப் பிடிக்கும்னுதான் வைக்கிறேன். எனக்கு அந்த வாசனையே ஆகாது."

இரண்டு பேரும் அடுப்பின் மேல் இருந்த சட்டியைப் பார்த்தார்கள். இன்றும் வெள்ளிக்கிழமைதான்.

புனே அன்று முடிவாகவில்லை. அவள் ஒரு வருடம் மட்டும் வா என்றாள், அவன் வாரக் கடைசியில் மட்டும் வருகிறேன் என்றான். அவள் மேசையைத் தட்டினாள், அவன் அதைவிடப் பலமாகத் தட்டினான். ஏழரை மணிக்குப் பசி வந்து, சட்டையை மாற்றிக்கொண்டு, புரோட்டா சாப்பிடப் படியிறங்கும்போதும் விவாதம் ஓயவில்லை. எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். அவர் குடிவந்த ஒன்பது வருடத்தில் அந்த வீட்டிலிருந்து சத்தம் கேட்பது அதுதான் முதல் தடவை.